இருக்கை கிடைத்தும் எட்டாத வகுப்பறை: செக் குடியரசில் ரோமா ஏதிலிப் பிள்ளைகள்

நேயர்களுக்கு என் வணக்கம். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது முழு அளவில் படையெடுத்த பின், அந்நாட்டின் மேற்கு எல்லையில் உள்ள ஸகர்பாத்தியா வட்டாரத்திலிருந்து, ஐரோப்பாவில் சிறுபான்மையினராக வாழும் ரோமா இனத்தைச் சேர்ந்த குடும்பங்கள் பல, பிள்ளைகளோடும் மூட்டை முடிச்சுகளோடும் செக் குடியரசுக்கு வந்து சேர்ந்தன. அவ்வாண்டு மே மாதத்தில் ப்ராக் நகரத் தலைமை ரயில் நிலையத்தில் அவர்களில் பலர் தங்க இடமின்றி இரவும் பகலும் காத்துக் கிடந்தார்கள். அதே போருக்கு அஞ்சி வந்த மற்றவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

சட்டத்தில் வழி இருந்தது. 2022 மார்ச் 4 அன்று உக்ரைன் போரிலிருந்து தப்பி வந்தோருக்கென ஐரோப்பிய ஒன்றியம் நடைமுறைப்படுத்திய தற்காலிகப் பாதுகாப்பு, கல்வி உரிமையையும் உள்ளடக்கியது. செக் நாட்டில் 90 நாட்களுக்கு மேல் தங்கும் பள்ளி வயதுப் பிள்ளைக்குக் கல்வி கட்டாயம். மொழி பழகுவதற்கென்று தகவமைப்புக் குழுக்களும் அமைக்கப்பட்டன. ஆனால் இந்த ஏற்பாடுகள் பெரும்பாலும் உக்ரேனிய மொழி பேசும், முன்பே பள்ளிக்குச் சென்று பழகிய பிள்ளையை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டவை. ஸகர்பாத்தியாவிலிருந்து வந்த ரோமா பிள்ளைகள் பலருக்கு வீட்டுமொழி ஹங்கேரியன் அல்லது இந்திய-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்த ரோமானி. உக்ரேனிய மொழியில் உதவ வந்தவரின் பேச்சே புரியாத பிள்ளைக்கு அந்த உதவியால் என்ன பயன்?

பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். சொந்த ஊரில் அவள் ரோமா குடியிருப்பிலேயே வளர்ந்தவள். பள்ளிக்கு ஒழுங்காகச் சென்றதில்லை. எழுதுகோலைப் பிடிக்க இப்போதுதான் பழகுகிறாள். வயதுக்கு ஏற்ப நான்காம் வகுப்பில் அமர்த்தினால் கரும்பலகையில் இருப்பது எதுவும் அவளுக்கு விளங்காது. முதல் வகுப்பில் அமர்த்தினால் ஆறு வயதுப் பிள்ளைகளின் நடுவே கூசிப்போய், சில நாட்களிலேயே வருவதை நிறுத்திவிடுவாள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, நாளின் ஒரு பகுதியில் மட்டும் எழுத்தும் எண்ணும் தனியே கற்பிப்பதே சரி என்பது என் துணிபு.

தனியே கற்பிப்பது தனிப் பள்ளியாக மாறிவிடக்கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் செக் நாட்டின் வரலாறுதான். ஓஸ்த்ராவா நகரில் 1996 முதல் 1999 வரையிலான ஆண்டுகளில் அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான சிறப்புப் பள்ளிகளில் சேர்க்கப்பட்ட 18 ரோமா மாணவர்கள் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2007 நவம்பர் 13 அன்று அது பாகுபாடே என்று தீர்ப்பளித்தது. மற்ற பிள்ளைகளைவிட ரோமா பிள்ளைகள் அப்பள்ளிகளில் சேர்க்கப்படும் வாய்ப்பு அந்நகரில் 27 மடங்கு அதிகம் என்ற கணக்கு அவ்வழக்கில் முன்வைக்கப்பட்டது. மொழி தெரியாததை அறிவுக் குறைவாகக் கொள்ளும் அதே பிழை ஏதிலிப் பிள்ளைகளிடமும் நேரக்கூடும்.

எனக்குத் தெரிந்தவரை, இதற்கெல்லாம் மிகுந்த பலன் தரக்கூடியவர் ரோமா சமூகத்திலிருந்தே வரும் பள்ளி உதவியாளர். காலையில் தங்குவிடுதிக் கதவைத் தட்டிப் பிள்ளையை எழுப்பிக் கிளப்புகிறவர் அவர். சேர்க்கைப் படிவத்தை வாசிக்கத் தெரியாத தாய்க்கு வரிவரியாக விளக்குகிறவரும் அவரே. அரசு அலுவலர் வந்தால் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அஞ்சும் தாய், தன் மொழியில் பேசுகிறவரிடம் மனம் திறப்பாள். வகுப்பில் பிற பிள்ளைகள் கேலி செய்யும்போது ஆசிரியருக்கு முன்பே அவருக்கு அது தெரிந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வேறான மனித உரிமை அமைப்பாகிய ஐரோப்பிய அவை 2011 முதல் இத்தகைய இணைப்பாளர்களுக்குப் பயிற்சி அளிக்கும் திட்டம் ஒன்றை நடத்தியது.

மாலை நேரக் கால்பந்தாட்டமும் கோடை முகாமும் உள்ளூர்ப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு நடக்க வேண்டும். ஏதிலிப் பிள்ளைகளுக்கு மட்டும் விழா எடுத்துப் படம் பிடிப்பதால் நட்பு உண்டாவதில்லை.

இந்த உதவியாளர் பணி பல இடங்களில் குறுகிய காலத் திட்ட நிதியை நம்பியிருப்பதுதான் வருத்தம். நிதி முடிந்ததும் அவர் போய்விடுகிறார். அவரை நம்பிப் பள்ளிக்கு வந்த பிள்ளையும் நின்றுவிடுகிறது. ஆசிரியர் பணியைப் போல இதையும் பள்ளியின் நிரந்தரப் பணியிடமாக்கி, ஊதியத்தை அரசின் ஆண்டுக் கல்விச் செலவிலேயே சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. நன்றி, வணக்கம்.