காத்திருந்த ஆண்டுகளை யார் கணக்கில் எழுதுவது?

(ஒரு மாவட்ட நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

படித்து முடித்து நாலைந்து வருடமாகியும் வேலை கிடைக்காத பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால், தெருவே அந்தப் பிள்ளையைத்தான் விசாரிக்கிறது. ஒழுங்காகப் படிக்கவில்லையா, இண்டர்வியூவில் பேசத் தெரியவில்லையா, வந்த வேலையை வேண்டாம் என்கிறதா? என் வாதம் வேறு. அந்த நாலைந்து வருடத்தில் பெரும்பகுதி அந்தப் பிள்ளை வீணாக்கியது அல்ல, அதைக் காக்க வைத்ததில் போனது. காக்க வைப்பவர்கள் யாரும் அதற்கு ஒரு விலை உண்டு என்று நினைப்பதில்லை. அந்த விலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பாடம் எடுக்கும் இலவசப் பயிற்சி வகுப்புக்கு ஒரு தங்கை வருகிறார். பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்தவர். விண்ணப்பம் போட உட்கார்ந்தபோது தன் ஃபைலைத் திறந்தார். மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், தமிழ் வழியில் படித்ததற்கான சான்று, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டை எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசி உறையில் பாஸ்போர்ட் போட்டோக்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் எடுத்து மிஞ்சியவை. அதே முகம்தான். ஒன்றில் இரட்டைப் பின்னல், இன்னொன்றில் ஒற்றைப் பின்னல், அப்புறம் கண்ணாடி வந்திருக்கிறது, கடைசியில் கழுத்தில் தாலி. அவர் முயற்சி செய்யவில்லை என்று யாராவது சொன்னால் அந்த உறையைத்தான் காட்டுவேன்.

இந்தக் காத்திருப்பு எப்படி உருவாகிறது? தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்ற தேர்வு, இன்ஜினியர்களும் எழுதுகிறார்கள். 2019 செப்டம்பரில் ஒரு தேர்வு நடந்தது. அதில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேடு ஊரறிந்தது. அதன்பின் 2020-ல் தேர்வு இல்லை, 2021-லும் இல்லை. கொரோனா ஒரு காரணம். அதே சமயத்தில் அரசு ஊழியர் ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆனது, 2021-ல் 60 ஆனது. அந்த இரண்டு வருடம் ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர்களின் நாற்காலி காலியாகவில்லை. மூத்தவர்களுக்குக் கிடைத்த அந்த இரண்டு வருடம் இளையவர்களிடமிருந்துதான் போனது. நேரடி நியமன வயது வரம்பை 2021-ல் இரண்டு ஆண்டு உயர்த்தினார்கள், சரிதான். விண்ணப்பிக்கும் உரிமை திரும்பி வந்தது. கழிந்த வருடங்கள் வரவில்லை.

பிறகு 2022 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. ஜூலை 24-ல் தேர்வு. 18 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். முடிவு வந்தது 2023 மார்ச் 24-ல். சரியாக எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் அவர்கள் என்ன செய்திருக்க முடியும்? தனியார் வேலையில் சேர்ந்தால், 'கவுன்சலிங்குக்குக் கூப்பிட்டால் போய்விடுவாயா?' என்று முதலாளி கேட்கிறார். உண்மையைச் சொன்னால் வேலை இல்லை. சேராமல் இருந்தால் வீட்டில் சோறு இறங்கவில்லை. வேகமாகச் செய்யவே முடியாது என்றும் சொல்ல முடியாது. 2024 ஜூன் 9-ல் நடந்த தேர்வுக்கு அக்டோபரிலேயே முடிவு வந்துவிட்டது. மனம் வைத்தால் ஐந்து மாதத்துக்குள் முடிகிற காரியம்தான்.

ஆசிரியர் வேலைக்குக் காத்திருப்பவர்களின் நிலை இதைவிடக் கொடுமை. 2013-ல் தகுதித் தேர்வில் தேறியவர்களை நினைத்துப் பாருங்கள். 150-க்கு 90 எடுத்தால் தேர்ச்சி என்றார்கள், எடுத்தார்கள். 2014-ல் புதிய வெயிட்டேஜ் முறை வந்தது. பிளஸ் டூ, பட்டம், பி.எட். மதிப்பெண்களையும் சேர்த்துத் தரவரிசை போட்டதால், தாராளமாக மதிப்பெண் விழாத காலத்தில் படித்த மூத்தவர்கள் பின்னுக்குப் போனார்கள். 2018 ஜூலையில் அரசாணை 149 வந்தது. தேறியது போதாது, இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றது. இதற்கிடையே அந்தத் தகுதிச் சான்றிதழுக்கு ஏழு வருட ஆயுள்தான் இருந்தது. 2021-ல்தான் வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்று மாறியது. ஓடுகிறவன் நெருங்க நெருங்க எல்லைக் கோட்டைத் தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டு, உனக்கு ஓடத் தெரியவில்லை என்று சொல்லலாமா?

உதவித்தொகை இருக்கிறதே என்று கேட்பீர்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தால், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்தால், பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு. ஒரு நாளைக்கு 20 ரூபாய். தேர்வு மையத்துக்குப் போய்வர பஸ்ஸுக்கே அது காணாது. இருந்தாலும் அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், உயர்த்தத்தான் சொல்வேன்.

காசு ஒரு பக்கம் இருக்கட்டும். நீண்ட நாள் வேலையில்லாமல் இருப்பது மனிதனை உள்ளே என்ன செய்கிறது என்பதற்கு, ஆஸ்திரியாவில் வியன்னா அருகே மரியந்தால் என்ற ஊரில் நடந்த ஆய்வைப் போல இன்னொன்றை நான் படித்ததில்லை. ஊர் முழுக்க ஒரே ஆலையை நம்பியிருந்தது. அது 1929, 30-ல் படிப்படியாக மூடப்பட்டது. மேரி யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரும் அவர்கள் குழுவினரும் 1931-ன் கடைசியில் அங்கே போய் மக்களோடு பழகிப் பார்த்தார்கள். நூலகத்தில் கூடியிருக்கும் நமக்குச் சுருக்கென்று தைக்கும் செய்தி ஒன்று அதில் உண்டு. வேலை போனால் நேரம் நிறைய கிடைக்கும், ஜனங்கள் நிறையப் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? புத்தகம் எடுக்கக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகும், 1929-க்கும் 1931-க்கும் இடையில் அங்கே புத்தகம் எடுப்பது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது.

தெருவில் ஜனங்கள் எப்படி நடக்கிறார்கள் என்றும் ஒரு ஜன்னல் ஓரமாக நின்று கடிகாரம் வைத்துக் கவனித்தார்கள். ஆண்கள் நின்று நின்று, மெதுவாகப் போனார்கள். எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லை. பெண்கள் வேகமாக நடந்தார்கள், ஏனென்றால் சமையலும் துணி துவைப்பதும் பிள்ளைகளும் அவர்களுக்கு ஒருநாளும் நிற்கவில்லை.

ஆகவே, பகல் பதினொன்றுக்கு எழுந்து செல்போனைப் பார்த்தபடி படுத்திருக்கும் பையனைச் சோம்பேறி என்று திட்டும் அப்பாக்களே, அந்தச் சோம்பல்தான் வேலையைக் கெடுத்தது என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். வேலை இல்லாமல் போனதில் வந்த சோர்வாகவும் அது இருக்கலாம்.

வேலை கொடுப்பவர்களின் பார்வையும் காலம் போகப் போக மாறுகிறது. அமெரிக்காவில் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் சுமார் 3,000 வேலை விளம்பரங்களுக்கு சுமார் 12,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். 2013-ல் வெளிவந்த ஆய்வு. வேலையில்லாமல் இருந்த மாதங்கள் கூடக் கூட, நேர்காணலுக்கு அழைப்பு குறைந்தது. முதல் எட்டு மாதத்திலேயே பெரும் சரிவு. ஆளின் திறமையில் ஒரு மாற்றமும் இல்லை, காகிதத்தில் இருந்த இடைவெளிதான் நீண்டது. தாமதம் தாமதத்தைக் குட்டி போடுகிறது.

இவ்வளவும் நடந்தாலும் புள்ளிவிவரத்தில் இவர்களில் பலர் தெரிய மாட்டார்கள். கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே, அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் வாராந்திரக் கணக்குப்படி அவர் வேலையில் உள்ளவர். அப்பாவின் மளிகைக் கடையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்தாலும் வேலையில் உள்ளவர்தான். தேடித் தேடி அலுத்து நிறுத்திவிட்டால், வேலையில்லாதவர் பட்டியலிலேயே இல்லை. கல்யாணமாகி, மாமியார் வீட்டில் 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று நிறுத்தப்பட்ட பெண்கள் இப்படித்தான் கணக்கிலிருந்து மறைகிறார்கள். அந்த ஃபைல் தங்கை இன்னும் மறையவில்லை. அதற்காகவே அவரை மதிக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? ஆண்டுத் திட்டத்தில் தேர்வுத் தேதியைப் போடுகிற தேர்வாணையங்கள், முடிவு வரும் தேதியையும் பணியாணை கையில் வரும் தேதியையும் சேர்த்துப் போட்டு அதைக் காப்பாற்ற வேண்டும். நடுவில் விதியை மாற்றினால், ஏற்கெனவே தேறியவர்களை அது தொடக்கூடாது. இந்த இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். தேர்வுக்குப் படிப்பதை விடச் சொல்லவில்லை. எத்தனை முறை, எந்த வயது வரை என்று இன்றே ஒரு வரம்பு போட்டு, அதை வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். அதுவரையிலும் வாரத்தில் சில மணி நேரமாவது வெளியே ஒரு இடத்தில் வேலை செய்யுங்கள். டியூஷன், கணக்கு எழுதுவது, இ-சேவை மையம், எதுவானாலும் சரி. உங்களை எதிர்பார்த்து ஒருவர் காத்திருக்கும் இடமாக அது இருக்கட்டும். விண்ணப்பத்தில் இடைவெளியை மறைக்காதீர்கள். 'போட்டித் தேர்வுக்குப் படித்தேன், கூடவே இந்த வேலை செய்தேன்' என்று எழுதுங்கள்.

இந்த ஊரில் கடையும் பட்டறையும் அலுவலகமும் நடத்துபவர்கள் பலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் விண்ணப்பம் கொடுத்தவருக்கு 'ஆள் எடுத்தாயிற்று' என்றாவது ஒரு வரி மெசேஜ் அனுப்புங்கள். பதில் வராத போனையே பார்த்துக்கொண்டிருப்பது எத்தனை வீடுகளில் நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அப்புறம், டேலி தெரிந்தவர்கள், ஜி.எஸ்.டி. கணக்குப் போடத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். எங்கள் வகுப்பில் அதைச் சொல்லித்தர இப்போது ஆள் இல்லை.