வராத குதிரைகள்

(ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது. கேட்டவர்கள் எழுத்தில் வேண்டும் என்றதால் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.)

வணக்கம். புறநானூற்றில் 273-ஆம் பாட்டு, எருமை வெளியனார் பாடியது. மொத்தம் ஏழே அடி. "மா வாராதே, மா வாராதே" என்று ஒரு பெண்ணின் குரல் தொடங்குகிறது. மா என்றால் குதிரை. எல்லார் குதிரையும் வந்துவிட்டது, எங்கள் வீட்டில் குடுமி வைத்த சின்னப் பிள்ளையைத் தந்தவன் ஏறிப்போன குதிரை மட்டும் வரவில்லையே, இரண்டு பெரிய ஆறுகள் கூடும் இடத்தில் குறுக்கே நின்ற பெருமரம் வெள்ளத்தில் சாய்வது மாதிரி அது சாய்ந்துவிட்டதோ என்று கேட்கிறாள். பாட்டு முடிந்துவிடுகிறது.

அவள் கணவனைப் பற்றி நேராக ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்கப் பயம். குதிரை வந்தால் அவன் வருவான், வராவிட்டால் அவனும் இல்லை, அதனால் வாய் குதிரையை மட்டும் கேட்கிறது.

இந்தப் பாட்டைப் பல வருடமாகப் படித்துவந்தவன் நான். ஆனால் முதல் உலகப் போரைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் இது என்னை ஒரு உலுக்கு உலுக்கியது. ஏனென்றால் அங்கே நடந்தது நேர் தலைகீழ். உயிர் பிழைத்த ஆட்கள் வீடு திரும்பினார்கள், அவர்கள் ஏறிப்போன குதிரைகள் பெரும்பாலும் வரவில்லை. 

நம் கண்ணில் போர்க்குதிரை எப்படி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக்குப் போயிருப்பீர்கள். தூணுக்குத் தூண் முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு பாய்கிற குதிரை, மேலே வீரன், கீழே வேலோடு ஆட்கள், புலி. கழுத்து நரம்பு புடைத்து நிற்கிறது, கடிவாளம் இழுத்த இழுப்பில் வாய் திறந்து பல் தெரிகிறது. கல்லில் இதற்கு மேல் யாராலும் செய்ய முடியாது. நானும் ஒரு மணி நேரம் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் எந்தத் தூணிலும் குதிரை தண்ணீர் குடிக்கவில்லை, படுத்திருக்கவில்லை, நொண்டவில்லை.

சரி, நிஜத்தில் வந்திறங்கிய குதிரைகள் என்ன ஆயின? நம் மண்ணில் குதிரை பெரிய அளவில் பிறந்து வளர்ந்ததில்லை. சங்க காலத்திலேயே காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழி வந்தது. பாண்டியர் காலத்தில் அரபு நாட்டிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் காயல் துறைமுகத்தில் வந்து இறங்கியது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வந்த மார்கோ போலோ எழுதிவைத்திருப்பதைப் படித்தால் மனசு கனத்துவிடும். ராஜா வருடத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார், அவர் தம்பிமாரும் அதே அளவு வாங்குகிறார்கள், வருடம் முடியும்போது அவர்களிடம் 100 குதிரைகூட உயிரோடு இருப்பதில்லை என்கிறார். காரணம் போர் இல்லை. லாடம் அடிக்கத் தெரிந்த ஆளும் வைத்தியம் தெரிந்த ஆளும் இங்கே இல்லை. தெரிந்தவர்களைக் கூட்டிவர வியாபாரிகளுக்கு மனசும் இல்லை, ஏனென்றால் குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் கப்பல் போகும்! தீனியும் தப்பு, சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் கொடுத்தார்களாம்.

லாடம் என்றதும் எனக்கு எங்கள் ஊர் ஜட்கா ஸ்டாண்ட் ஞாபகம் வருகிறது. லாடம் அடிக்கிறவர் குதிரையின் காலைத் தன் இரண்டு தொடைக்கு நடுவில் மடக்கி வைத்துக்கொள்வார். முதலில் குளம்பைச் சீவுவார், தேங்காய் ஓடு மாதிரி சில்லு சில்லாக விழும். அப்புறம் லாடத்தை வைத்துப் பார்ப்பார், எடுப்பார், தட்டுவார், மறுபடி வைப்பார். ஆணி ஒரு நூல் உள்ளே போனாலும் சதையில் ஏறிவிடும், வண்டி ஒரு மாதம் ஓடாது என்பார். குதிரை அவர் முதுகில் மூக்கை வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். இவ்வளவு கவனம் தேவைப்படுகிற ஒரு பிராணியைத்தான் ஆயிரக்கணக்கில் கப்பலில் ஏற்றிப் போருக்கு அனுப்பினார்கள்.

1914-க்கு வருகிறேன். போர் தொடங்கிய இரண்டே வாரத்தில் பிரிட்டன் தன் நாட்டுக்குள்ளேயே ஒரு லட்சம் குதிரைக்கு மேல் கையகப்படுத்தியது. ஏர் உழுத குதிரை, வண்டி இழுத்த குதிரை எல்லாம் போயிற்று. அது போதாமல் அமெரிக்காவிலிருந்து லட்சக்கணக்கில் வாங்கினார்கள். அந்தப் போரில் எல்லாத் தரப்பிலும் சேர்த்து 80 லட்சம் குதிரை, கோவேறு கழுதைகள் செத்திருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

எப்படிச் செத்தன என்பதுதான் முக்கியம். படத்தில் காட்டுகிற மாதிரி வாளுக்கு எதிரே பாய்ந்து செத்தவை குறைவு. பிரிட்டிஷ் ராணுவத்தில் குண்டுபட்டுச் செத்தவை ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் நோய், களைப்பு, குளிர், பட்டினி. பிரான்ஸின் சேற்றில் பீரங்கியையும் குண்டுப் பெட்டியையும் இழுத்து இழுத்து விழுந்தவை. சொறி வரக்கூடாது என்று ரோமத்தை ஒட்டக் கத்தரித்தார்கள், அந்தக் குளிர்காலத்தில் அதுவே எமனாக வந்தது. விஷவாயுவுக்காக மூக்கில் ஒரு முகமூடிப் பை கட்டினார்கள். பசியோடு நிற்கிற குதிரைக்கு மூக்கில் பை கட்டினால் அது என்ன நினைக்கும்? கொள்ளுப் பை என்று நினைத்து அதையே கடித்துக் கிழித்திருக்கிறது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஆஸ்திரேலியாவிலிருந்து போனவை 1,20,000-க்கு மேல். வேலர் என்று பெயர், நியூ சவுத் வேல்ஸ் என்பதிலிருந்து வந்த பெயர். இந்த வேலர்களுக்கும் நமக்கும் உறவு உண்டு. 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்காக அவை கப்பல் கப்பலாக மதராஸில் வந்து இறங்கியிருக்கின்றன. பாலஸ்தீனப் பாலைவனத்தில் 1917 அக்டோபர் 31 அன்று பீர்ஷெபா என்ற ஊரைப் பிடிக்க 800 ஆஸ்திரேலிய வீரர்கள் மாலை வெயிலில் பாய்ந்து போனார்களே, அவர்கள் ஏறியிருந்தவை இவைதான். வாள்கூட இல்லை, துப்பாக்கி முனையில் மாட்டுகிற கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த ஊரின் கிணறுகள் கிடைக்காவிட்டால் தண்ணீர் இல்லை என்ற நிலைமை. பல குதிரைகள் அதற்கு முன் ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் குடித்திருக்கவில்லை.

மறு வருடம் செப்டம்பர் 23 அன்று ஹைஃபாவில் மைசூர், ஜோத்பூர் வீரர்கள் குதிரையில் பாய்ந்தார்கள். ஹைதராபாத், மைசூர், ஜோத்பூர் குதிரைப்படையினர் நினைவாக டெல்லியில் தீன் மூர்த்தி சிலை இருக்கிறது. மூன்று வீரர்கள் நிற்கிறார்கள். நிற்கிறார்கள், கவனியுங்கள். குதிரைப்படைக்கு வைத்த சிலையில் குதிரை இல்லை.

போர் முடிந்தது. ஆஸ்திரேலியர்களிடம் 13,000 குதிரை மிச்சம். நாட்டுக்குள் நோய் வந்துவிடும் என்ற தடையால் கொண்டுபோக முடியாது. 11,000 விற்கப்பட்டன, பெரும்பாலானவை இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்துக்கு. மீதி 2,000 குதிரைகள், வயதாகிவிட்டது, ஊனம் என்று கழிக்கப்பட்டன. சுடுவதற்கு முன் பிடரி மயிரையும் வாலையும் கத்தரித்துக்கொண்டார்கள், அதற்கு விலை உண்டு. லாடத்தையும் கழற்றிக்கொண்டார்கள். வீரர்கள் அந்நியர் கையில் விட மனமில்லாமல் தங்கள் குதிரையைத் தாங்களே அழுதுகொண்டு சுட்டார்கள் என்று ஒரு கதை ரொம்பப் பிரபலம். அப்படி ஒன்றிரண்டு நடந்திருக்கலாம். ஆனால் எனக்கு அந்தக் கதையைவிட அந்த லாடம்தான் உறுத்துகிறது.

ஆஸ்திரேலியாவுக்கு ஒரே ஒரு குதிரை திரும்பி வந்தது. பெயர் சாண்டி. ஆஸ்திரேலியாவின் முதல் டிவிஷனுக்குத் தலைமை தாங்கிய மேஜர் ஜெனரல் வில்லியம் பிரிட்ஜஸின் குதிரை. அவர் 1915 மே மாதம் துருக்கியின் கலிப்போலியில் குண்டுபட்டு இறந்துபோனார். அந்தப் போரில் இறந்து, உடல் ஊருக்குக் கொண்டுவரப்பட்ட ஒரே ஆஸ்திரேலிய வீரரும் அவர்தான் என்று ரொம்ப காலம் இருந்தது; 1993-இல் பெயர் தெரியாத ஒரு வீரரின் உடல் வந்தது. சாண்டி எகிப்து, பிரான்ஸ், இங்கிலாந்து என்று சுற்றி 1918 நவம்பரில் மெல்போர்னில் இறங்கியது. மாரிபிர்னாங் என்ற இடத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. கண் தெரியாமல் போய், தளர்ந்து, 1923-இல் அதன் உயிரைப் போக்கினார்கள்.

எருமை வெளியனாரின் அந்தப் பெண்ணை மறுபடி நினைக்கிறேன். சாண்டி வந்தது, ஏறிப்போனவர் முன்னாலேயே பெட்டியில் வந்துவிட்டார். மற்ற பல வீடுகளில் ஆள் வந்தான், குதிரையைக் கேட்க ஆள் இல்லை.

ஒரு பெண் கேட்டாள். டாரதி புரூக். கணவர் குதிரைப்படை அதிகாரி, போரிலிருந்து பத்திரமாகத் திரும்பியவர். 1930-இல் அவருடைய வேலைக்காகக் கெய்ரோ போன இடத்தில் தெருவில் சுமை வண்டி இழுக்கிற கிழட்டுக் குதிரைகளின் தொடையில் பிரிட்டிஷ் ராணுவத்தின் அம்புக் குறி சூடு இருப்பதைப் பார்த்தாள். போர் முடிந்து 12 வருடம். விற்றுவிட்டுப் போன குதிரைகள்! 20 வயதைத் தாண்டி, முட்டி வீங்கி, சேணம் உரசிய இடத்தில் புண்ணோடு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தன. 1931-இல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினாள். பணம் வந்தது. சில வருடத்துக்குள் 5,000 குதிரைகளை வாங்கினாள். வண்டிக்காரர்களிடம் சண்டை பிடிக்கவில்லை, விலை கொடுத்தே வாங்கினாள், அவர்கள் பிழைப்பும் அதுதானே. பெரும்பாலானவற்றைக் காப்பாற்ற முடியாத நிலை. சில நாள் வயிறு நிறையத் தீனி, தண்ணீர், படுக்க வைக்கோல், அப்புறம் வலியில்லாத சாவு. 1934-இல் அங்கேயே ஒரு குதிரை ஆஸ்பத்திரி கட்டினாள். அது இன்றைக்கும் கெய்ரோவில் நடக்கிறது, இப்போது வருவதெல்லாம் வண்டிக் குதிரைகளும் கழுதைகளும்.