‘லைட்’ என்றால் எது குறைவு?

வணக்கம் நண்பர்களே! தருமபுரியில் ஒரு மளிகைக் கடையில் நிற்கிறேன். இந்த அலமாரியைப் பாருங்கள். உப்பில் லைட், எண்ணெயில் லைட், மயோனைஸில் லைட். எல்-ஐ-டி-இ என்று நான்கே எழுத்து. பார்த்ததும் ‘உடம்புக்கு நல்லது’ என்று கை தானாக நீள்கிறது. எனக்கு அதுதான் கவலை.

ஏதோ ஒன்று குறைவு என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. எது, எவ்வளவு என்பது பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. சித்தேரி மலைப்பக்கம் சிக்னல் தடுமாறும் இடத்தில் ஃபேஸ்புக் லைட் பயன்படுத்துகிறவர்களுக்குக் குழப்பமே இல்லை. மெதுவான இணையத்துக்காகவே 2015-இல் வந்த செயலி அது. அளவும் சிறியது, டேட்டாவும் குறைவாகவே செலவாகும்.

சாப்பாட்டுப் பொருளில் அப்படி இல்லை. லைட் ஆலிவ் எண்ணெயில் குறைந்திருப்பது நிறமும் மணமும்தான். நம் ஊர்ச் செக்குக் கடலை எண்ணெயானாலும் சரி, அதுவானாலும் சரி, ஒரு கிராமுக்கு 9 கலோரி. அமெரிக்காவில் இந்தச் சொல்லைப் போட வேண்டுமென்றால் பொதுவாகக் கலோரி மூன்றில் ஒரு பங்கு, இல்லையேல் கொழுப்பு பாதி குறைந்திருக்க வேண்டும். நம் நாட்டு 2018 விதிப்படி ‘கொழுப்பு குறைவு’ என்று போட்ட திடப்பொருளில் 100 கிராமுக்கு 3 கிராமுக்கு மேல் கொழுப்பு இருக்கக் கூடாது. ஆகவே முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்க அட்டவணையைப் படியுங்கள்.

இப்போது உப்பு. இதற்காகத்தான் இந்த வீடியோவே. சற்று முன் ஒரு பெரியம்மா, டயாலிசிஸ் செய்துகொள்ளும் தன் வீட்டுக்காரருக்காக லைட் உப்பு கேட்டார். பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினேன். பொடி எழுத்தில் ‘பொட்டாசியம் குளோரைடு’ என்று இருந்தது. சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் இதைச் சேர்க்கிறார்கள். இரத்த அழுத்தத்துக்கு இது உதவும். உலக சுகாதார நிறுவனமே 2025-இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை. அவர்கள் உடம்பிலிருந்து பொட்டாசியம் சரியாக வெளியேறாது. இரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தடம் புரளும், உயிருக்கே ஆபத்து.

பெரியம்மா பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிட்டார். அக்கா, அண்ணா, உங்கள் வீட்டில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இருந்தாலோ, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தாலோ, இந்த உப்பை வாங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும்.