சார்லமேன் விருது: பெறுபவர் பட்டியலில் ஐரோப்பாவின் நாட்குறிப்பு

[காட்சி: ஆகன் நகர மண்டபமும் அதன் முன்னுள்ள சதுக்கமும்]

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய இரு நாடுகளின் எல்லைகளையும் ஒட்டி அமைந்திருக்கும் நகரம் ஆகன். இயேசு விண்ணேறிய திருநாளான வியாழக்கிழமையன்று, வழக்கமாக இந்நகர மண்டபத்தின் முடிசூட்டுக் கூடத்தில், ஐரோப்பிய ஒற்றுமைக்காக உழைத்த ஒருவருக்கு 'சார்லமேன் விருது' வழங்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் தரும் விருது இது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இது ஒரு நகரம் தரும் விருது. அதைத் தொடங்கிவைத்தவரும் அரசியல் தலைவர் அல்லர், குர்ட் ஃபைஃபர் என்னும் துணி வணிகர்.

அவர் இந்த யோசனையை உள்ளூர் வாசகர் வட்டம் ஒன்றில் முன்வைத்தது 1949 டிசம்பரில். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்து ஆண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை. 1944 அக்டோபரில் நேச நாட்டுப் படைகள் கைப்பற்றிய முதல் பெரிய ஜெர்மன் நகரம் ஆகன்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இடிபாடுகளுக்கு நடுவே இருந்த ஓர் எல்லை நகரம் அண்டை நாட்டாரை விருந்தினராக அழைத்துச் சிறப்பிக்க முன்வந்ததன் துணிவு புரியும்.

[காட்சி: ஆகன் பேராலயத்தின் எண்கோண மண்டபம்]

விருது தாங்கியிருக்கும் பெயருக்கு உரியவர், இன்றைய பிரான்ஸ், ஜெர்மனி ஆகியவற்றின் பெரும்பகுதியை ஆண்ட பிராங்கியப் பேரரசர் சார்லமேன். 800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ரோமில் பேரரசராக முடிசூட்டப்பட்ட அவர், 814இல் ஆகனில் இறந்து, தாம் கட்டிய தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். இன்றைய நகர மண்டபமும் அவருடைய அரண்மனை நின்ற இடத்தில்தான் எழுந்துள்ளது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அவர் சார்லமேன், ஜெர்மானியர்களுக்குக் கார்ல். தலைமுறை தலைமுறையாகப் போரிட்டுக்கொண்ட இரு தரப்பினரும் தம் முன்னோர் என்று உரிமை கொண்டாடும் ஒருவரைத் தேடினால், இவரை விட்டால் வேறு ஆள் கிடைப்பது அரிது. ஆனால் 782இல் வெர்டன் என்னுமிடத்தில் ஒரே நாளில் சாக்சன் இனத்தவர் 4,500 பேரின் தலையைக் கொய்ய ஆணையிட்டவர் என்று பிராங்கிய அரச ஆண்டேடுகள் குறிப்பிடுவதும் இவரைத்தான். ஒற்றுமைக்கான விருதுக்கு வாளால் நாடுகளை இணைத்தவரின் பெயரா என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

[காட்சி: விருது பெற்றவர்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள்]

1950இல் முதல் விருதைப் பெற்ற ரிச்சர்ட் குடன்ஹோவ்-கலேர்கி, ஆஸ்திரிய-ஹங்கேரியத் தூதருக்கும் ஜப்பானியத் தாய்க்கும் டோக்கியோவில் பிறந்தவர். 1920களிலேயே ஒன்றுபட்ட ஐரோப்பாவுக்காக இயக்கம் நடத்தியவர். அவரைத் தொடர்ந்து இத்தாலியின் அல்சிடே டி காஸ்பெரி, பிரான்சின் ழான் மொன்னே, ஜெர்மனியின் கொன்ராட் அடினாவர் என அடித்தளம் இட்டவர்கள் வரிசையாக வந்தார்கள். 1956இல் ஆகனுக்கு நேரில் வந்து விருதைப் பெற்ற வின்ஸ்டன் சர்ச்சில், உண்மையான ஐரோப்பிய ஒற்றுமையில் ரஷ்யாவுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்று பேசி, பனிப்போரின் நடுவே அமர்ந்திருந்த அவையைத் திகைக்க வைத்தார்.

இந்தப் பட்டியலை, ஐரோப்பா எந்தெந்த ஆண்டில் எதற்கு ஏங்கியது, எதற்கு அஞ்சியது என்பதைக் குறித்துவைத்த நாட்குறிப்பாகவே நான் வாசிக்கிறேன். 1974, 1975 ஆகிய ஆண்டுகளின் பக்கங்கள் வெறுமையாக உள்ளன. யாருக்கும் விருது இல்லை. 1990இல் விருது பெற்ற கியூலா ஹோர்ன், அதற்கு முந்தைய கோடையில் ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சரோடு சேர்ந்து, கிழக்கு ஐரோப்பாவை மேற்கிலிருந்து பிரித்த எல்லைக் கம்பிவேலியைக் கையால் வெட்டிய ஹங்கேரிய வெளியுறவு அமைச்சர். அடுத்த ஆண்டு செக்கோஸ்லோவாக்கிய அதிபர் வாக்லாவ் ஹாவெல். தனிமனிதர் அல்லாதோருக்கும் இந்த விருது சென்றிருக்கிறது: 1986இல் லக்சம்பர்க் மக்கள் அனைவருக்கும், 2002இல் யூரோ என்னும் நாணயத்துக்கும் வழங்கினார்கள். நாணயத்தின் கழுத்தில் பதக்கத்தை எப்படி மாட்டினார்கள் என்று கேட்காதீர்கள். ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவர் அதைப் பெற்றுக்கொண்டார்.

பதவியில் இருப்போருக்கே மாலை விழுகிறது என்ற குறையும் பழையதுதான், பெரும்பாலும் உண்மையும்கூட. ஆயினும் விருது பெற வந்தவர்கள் எல்லோரும் நன்றி மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பியதில்லை. 2016இல் வத்திக்கானில் விருதைப் பெற்ற போப் பிரான்சிஸ், ஐரோப்பாவே, உனக்கு என்ன ஆயிற்று என்று அகதிகளை மனத்தில் கொண்டு கேட்டார். 2018இல் பிரெஞ்சு அதிபர் இம்மானுவேல் மேக்ரான், தம்மைப் பாராட்டிப் பேசிய ஜெர்மன் பிரதமர் ஏஞ்சலா மெர்க்கலின் முன்னிலையிலேயே, உபரி வரவுசெலவுத் திட்டத்தை ஜெர்மனி வழிபாட்டுப் பொருளாக்கிவிட்டது எனச் சாடினார்.

[காட்சி: பெலாரஸ் போராட்டம், பின்னர் கீவ் நகரம்]

2022, 2023 ஆகிய ஆண்டுகளில் நாட்குறிப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக்கு வெளியே நகர்ந்தது. 2022இல் பெலாரஸின் மூன்று பெண் எதிர்க்கட்சித் தலைவர்களுக்கு விருது வழங்கப்பட்டது. அவர்களுள் மரியா கலெஸ்னிகவா சிறையில் இருந்ததால், அவர் சார்பில் அவருடைய சகோதரி பெற்றுக்கொண்டார். 2023இல் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கிக்கும் உக்ரைன் மக்களுக்கும் அறிவித்தார்கள். அந்த ஆண்டு விண்ணேற்றத் திருநாள் மே 18ஆம் தேதி வந்தது. விழாவோ மே 14ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை நடந்தது. போர்க்களத்து நாட்டின் அதிபர் வந்து சேர்ந்த நாளே அந்த ஆண்டு ஆகனுக்கு விருது நாள் ஆயிற்று.