ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியினருக்கும், நாள் முழுக்க வேலை பார்த்த களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கும் வேலூர் மக்களுக்கும் வணக்கம்.

"வாய்தாவுக்கு ஆளை வரவைப்பது பணப் பிணையா, ஊர்ப் பிணைப்பா?" இதுதான் தலைப்பு. ஊர்ப் பிணைப்பே, அதாவது ஒருவனை ஊரோடு கட்டிவைக்கும் வேலையும் வீடும் குடும்பமுமே என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர், "பத்தாயிரம் போய்விடும் என்ற பயம் இருந்தால்தான் கோர்ட் படி ஏறுவான்" என்றார். அந்தப் பத்தாயிரம் யார் கையில் இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

நம் கோர்ட்டுகளில் வழக்கமாக எழுதும் உத்தரவு இது: பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைப்பத்திரம், அதே தொகைக்கு இரண்டு நபர் ஜாமீன். பெரும்பாலும் இதில் யாரும் ரொக்கமாக ஒரு ரூபாய்கூடக் கட்டுவதில்லை. ஆள் வராவிட்டால் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பதுதான். அப்படி எழுதிக் கொடுக்க இரண்டு பேரைத் தேடுவதிலேயே நாள் கணக்கும் மாதக் கணக்கும் ஓடுகிறது.

வெள்ளிக்கிழமை மாலை ஜாமீன் உத்தரவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு போயிற்று. திங்களன்று நகல் கைக்கு வருகிறது. ஜாமீன்தாரரிடம் ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, வீட்டு வரி ரசீது கேட்பார்கள். சில இடங்களில் வி.ஏ.ஓ. சான்றும், தாசில்தார் தரும் சொத்து மதிப்புச் சான்றும் வேண்டும். ரசீது இன்னும் தாத்தா பேரிலேயே இருக்கும். ஆதாரில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறு இனிஷியல். இருவரில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தால், குடும்பத்தோடு பேச்சுவார்த்தை அறுந்துபோனவன் அங்கேயே நின்றுவிடுவான். எல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டு பேர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு வரவேண்டும். மாஜிஸ்திரேட் விடுப்பு என்றால் இன்னொரு நாள் கூலி. பத்திரம் ஏற்கப்பட்டு விடுதலை உத்தரவு தொரப்பாடி சிறைக்குப் போகும். குற்ற எண்ணோ தகப்பன் பெயரோ ஒரு எழுத்து மாறியிருந்தால் அது திரும்பி வரும். மாலையில் கைதிகளைப் பூட்டிய பிறகு போய்ச் சேர்ந்தால் அன்றிரவும் உள்ளேதான்.

கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை, ஆறு உண்டு தண்ணீர் இல்லை என்று நம் ஊரைப் பற்றி அந்தக் காலத்தில் சொல்வார்கள். கையில் ஜாமீன் உத்தரவு உண்டு, விடுதலை இல்லை என்று உள்ளே இருப்பவன் சொல்கிறான்.

1978-ல் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் வந்தது. அவருக்கு ஜாமீன் கொடுத்தாகிவிட்டது. மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தபோது, அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதாகும் தமிழன் எங்கே போவான் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பில் கேட்டார். மோத்தி ராமை ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் வேலைக்கு வந்த பீகார்க்காரருக்கும் அதே கேள்விதானே? அவ்வளவு தூரம் போவானேன்! 2019 நவம்பரில் நம் வேலூர் மாவட்டமே மூன்றானது. ஆம்பூர்க்காரர் பள்ளிகொண்டாவில் கைதாகி, "உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும்" என்று சொல்லிவிட்டால், கூடப் பிறந்தவரே வெளி மாவட்டத்துக்காரர் ஆகிவிடுகிறார்.

சட்டம் கருணை இல்லாததா? இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 478-ஆம் பிரிவைப் பாருங்கள். ஜாமீனில் விடத்தக்க குற்றமாக இருந்து, கைதானவன் ஏழையாக இருந்தால், ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையில் விட்டே ஆகவேண்டும். ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றாலே அவன் ஏழை என்று கொள்ளலாம் என்கிறது விளக்கம். 479-ஆம் பிரிவு, முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவனுக்கும் ஒரு வழி சொல்கிறது. அதிகபட்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் அவனைப் பிணைப்பத்திரத்தில் விடச் சொல்கிறது. தூக்கு, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது கிடையாது. வேறு வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடையாது. மூன்றாண்டுத் திருட்டு வழக்கு என்றால் ஓராண்டு. அந்த நாள் வந்ததும் கோர்ட்டுக்கு எழுத்தில் மனுப் போட வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர். இந்தச் சட்டம் 2024 ஜூலை 1-ல் வந்தது. பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று அந்த ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் பழக்கம் மாறவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

எண்ணிக்கை ஒன்றே ஒன்று சொல்கிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். நான்கு பேரில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை!

"ஏழைக் கைதிகளுக்கு அரசே நாற்பதாயிரம் வரை கட்டுகிறதே" என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். 2023-ல் வந்த மத்திய அரசுத் திட்டம் அது. நல்ல நோக்கம், மறுக்கவில்லை. ஆனால் பூட்டு இருப்பது பணத்தில் இல்லை, ஜாமீன்தாரரின் தாள்களில். நாற்பதாயிரத்தை வைத்துக்கொண்டு ஒரு அண்ணனை வாங்க முடியாது. அந்த இடைவெளியில்தான் காசுக்கு ஜாமீன் நிற்பவர்களும் போலி ரசீதுகளும் நுழைகின்றன. குற்றம் சாட்டப்பட்டவனின் முகத்தையே பார்த்திராத ஒருவர் போடும் கையெழுத்து, அவனை எப்படி வாய்தாவுக்கு இழுத்து வரும், சொல்லுங்கள்?

ஓடிவிடுவான் என்ற பயத்துக்கு வருகிறேன். வாய்தா தவறுவதில் பாதிக்கு மேல் ஓட்டம் இல்லை, மறதியும் கூலியும்தான் என்பது என் கணிப்பு. தேதி தள்ளிப்போனது தெரியாது. வக்கீலிடம் கொடுத்த போன் நம்பர் மாறியிருக்கும். பிடிவாரண்ட் பிறக்கும். அடுத்த முறை ஜாமீன் கேட்டால் "தலைமறைவானவர்" என்ற முத்திரை. நியூயார்க்கில் வாய்தாவுக்கு முன் போனுக்கு நினைவூட்டல் அனுப்பிப் பார்த்தார்கள். வராமல் போவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பர் 18 முதல் ரொக்க ஜாமீனையே எடுத்துவிட்டது. ஆபத்தானவர் என்றோ, வேண்டுமென்றே தப்பி ஓடக்கூடியவர் என்றோ அரசுத் தரப்பு நிரூபித்தால் மட்டும் உள்ளே வைப்பார்கள். தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்ற நிபந்தனையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஷூ கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவரின் வேலை அதிலேயே போய்விடும். வேலையும் வீடும்தான் ஒருவனை ஊரில் கட்டிப்போடும் கயிறு. அதை நாமே அறுத்துவிட்டு, ஏன் ஓடினாய் என்று கேட்கிறோம்.

பாதிக்கப்பட்ட பெண்ணின் பயம் என்னாவது என்று கேட்டீர்கள். அது நியாயமான கேள்வி. சாட்சியை மிரட்டுவான் என்றால் நீதிபதி காரணம் எழுதி ஜாமீனையே மறுக்கட்டும், நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் பணப் பிணை அந்தப் பெண்ணைக் காப்பாற்றாது. மிரட்டக்கூடிய வசதிக்காரன் அன்று மாலையே வெளியே வந்துவிடுவான்.

நாங்கள் கேட்பது இதுதான். ரிமாண்ட் அன்றே ஒரு பக்கப் படிவம்: எத்தனை வருடமாக அந்த முகவரி, வீட்டில் யார் யார், என்ன வேலை, முன் வழக்கு உண்டா, முன்பு வாய்தா தவறியதுண்டா, போன் நம்பர். இலவசச் சட்ட உதவி வக்கீலோ சட்டத் தன்னார்வலரோ வி.ஏ.ஓ.வுக்கும் வார்டு உறுப்பினருக்கும் போன் போட்டு மறுநாளைக்குள் சரிபார்க்கட்டும். வேர் இருக்கிறவனுக்குச் சொந்தப் பிணை. வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்னால் தமிழில் குறுஞ்செய்தி. ஜாமீன் உத்தரவாகி ஏழு நாளாகியும் ஒருவர் உள்ளேயே இருந்தால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் ஆனால் கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்தலாம். உள்ளூர் ஜாமீன் கேட்க வேண்டாம். இந்தக் கடைசி மூன்றும் என் ஆசைகள் அல்ல, 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றமே சொன்னவை.

நடுவர் அவர்களே, நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் தொரப்பாடியில் யாருக்கோ அந்த ஏழாம் நாள் முடிந்துகொண்டிருக்கலாம். அந்த ஆளை மனதில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.