கன்னியாவுக்குக் கீழ எரிமலை இருக்கோ?

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் என்னைப் பற்றிச் சொன்னதில பாதி அன்பில சொன்னது, அதை விட்டிடுங்கோ. எரிமலைக் கல்லை ரசாயன முறையில எப்பிடி ஆராயிறது எண்டு கதைக்கச் சொன்னவை, ஆனா திருகோணமலையில நிண்டு கொண்டு எரிமலை எண்டு வாயெடுத்தா கன்னியா வெந்நீர் ஊற்றில தான் தொடங்க வேணும், ஏனெண்டா இங்க யாரிட்ட கேட்டாலும் "கீழ எரிமலை இருக்கு சேர், அதான் தண்ணி சுடுது" எண்டு தான் சொல்லுவினம்.

இல்லை. இலங்கையில எரிமலையே இல்லை. எங்கட நிலத்தில நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மிகப் பழைய உருமாறின பாறை, பூமிக்குள்ள ஆழத்தில அமுங்கி வெந்து 55 கோடி வருசத்துக்கு மேலாச்சு. கன்னியாவில நடக்கிறது வேற, மழைத்தண்ணி பாறை வெடிப்புக்குள்ளால ஆழத்துக்குப் போகுது, கீழ போகப் போக கிலோமீட்டருக்கு 25, 30 டிகிரி மட்டில சூடு கூடும், அந்தச் சூட்டை வாங்கிக் கொண்டு தண்ணி வேற வெடிப்பு வழியா மேல வருது, அவ்வளவு தான். மகாஓயா வெந்நீர் ஊற்றிலயும் இதே கதை தான். தண்ணியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டு போனா அதில கரைஞ்சிருக்கிற சிலிக்காவின்ர (மணலில முக்கியமா இருக்கிற பொருள்) அளவை வைச்சே கீழ எவ்வளவு சூட்டில இருந்து வந்தது எண்டு கணக்குப் போடலாம், ஏனெண்டா சூடான தண்ணி தான் சிலிக்காவை கூடக் கரைக்கும். இராவணன் தாய்க்குக் கிரியை செய்ய வாளால குத்தின இடம் எண்ட கதையில நான் கை வைக்கேல்ல, அது ரசாயனத்துக்கு வெளியில.

அடுத்தது புல்மோட்டைக் கடற்கரையில கிடக்கிற கறுப்பு மண். ஹவாயிலயும் கறுப்புக் கடற்கரை இருக்கு, அது உண்மையான எரிமலை, பசால்ட் எண்ட எரிமலைக் கல் பொடிஞ்ச மண். எங்கட மண் இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஒக்சைட், கூட ருட்டைல், சேர்கன், கார்னட் எண்ட கனிமங்கள் எல்லாம் கிடக்கு. எல்லாம் உள்நாட்டுப் பாறை அரிச்சு ஆறு கொண்டு வந்து போட்டது, அலை பாரம் குறைஞ்சதை அள்ளிக் கொண்டு போக பாரமானது கரையில தங்கிட்டுது. நிறம் ஒண்டு தான், பிறப்பு வேற.

சரி, எரிமலைக் கல்லுக்குப் பேர் வைக்கிறது எப்பிடி? முதல்ல சிலிக்கா நூற்றுக்கு எத்தினை வீதம் எண்டு பாப்பினம். 45க்கும் 52க்கும் இடையில எண்டா பசால்ட், 57க்கு மேல போனா அண்டசைட், 70ஐத் தாண்டினா ரயோலைட். சிலிக்கா கூடக் கூட உருகின குழம்பு தடிச்சுப் போகும், தடிச்சா உள்ள கிடக்கிற நீராவி வெளிய வர வழியில்லாம ஒரேயடியா வெடிக்கும், அதால இந்த நம்பர் வெறும் பேர் இல்லை, குணமும் கூட. ஆனா கோணேசர் கோயில் நிக்கிற சுவாமிமலையில ஒரு துண்டை சோதிச்சுப் பாருங்கோ (உடைக்கச் சொல்லேல்ல!), அது குவார்ட்சைட், சிலிக்கா ஏகப்பட்டது, ரயோலைட்டையே தூக்கிச் சாப்பிட்டிடும், எரிமலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, ஒரு காலத்து மணல். ஒரு நம்பரை மட்டும் பிடிச்சுக் கொண்டு கல்லுக்குச் சாதகம் எழுதேலாது.

அந்த நம்பரை எடுக்கிறதும் லேசில்லை. பழைய முறையில கல்லை மாவாக்கி, உருக்கி, அமிலத்தில கரைச்சு, வத்த வைச்சு, சிலிக்காவைப் பிரிச்சு நிறுத்து, பிறகு ஹைட்ரோபுளோரிக் அமிலம் விட்டு அதை ஆவியாப் பறக்க வைச்சு திரும்ப நிறுப்பினம், குறைஞ்ச பாரம் தான் சிலிக்கா. நாள்க்கணக்கில இழுக்கிற வேலை. அமெரிக்காவில ஒரு கிரனைட், ஒரு டயபேஸ், ரெண்டு கல்லையும் மாவாக்கி அதே மாவை பல ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிப் பாத்தவை, 1951இல முடிவு வெளிவந்தது, நல்ல நல்ல கூடங்கள் கூட ஆளுக்கொரு நம்பர் சொல்லி வைச்சிருந்தது. எனக்கு இந்தத் துறையில மிகப் பிடிச்ச சம்பவம் இது தான், அதுக்குப் பிறகு தான் தெரிஞ்ச கல்லை முதல்ல அளந்து கருவியைச் சரிபார்க்கிற பழக்கம் இறுகினது. இப்ப எக்ஸ்-ரே முறை, மாவை லித்தியம் போரேட்டோட ஆயிரம் டிகிரி மட்டில உருக்கி கண்ணாடி வில்லையாக்கி வைச்சா கருவி கெதியாச் சொல்லும்.

1951இல தான் பாரிஸில ரேமண்ட் காஸ்டேங் எலக்ட்ரோன் கதிரால கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியையே சோதிக்கிற கருவியைப் பற்றி ஆய்வேடு குடுத்தவர். அது வராட்டி அடுத்த கதையே இல்லை.

சுமத்திராவில தோபா எண்டொரு ஏரி, 100 கிலோமீட்டர் நீளம். அது வெறும் ஏரி இல்லை, எரிமலை வெடிச்சு உள்ள இறங்கின பள்ளம். கிட்டத்தட்ட 74,000 வருசத்துக்கு முதல் வெடிச்ச சாம்பல் எங்கட கரைக்கு முன்னால கிடக்கிற வங்காள விரிகுடாவின்ர அடியில இருக்கு, ஆந்திராவில கர்நூல் பக்கம் ஜ்வாலாபுரத்திலயும் படையாக் கிடக்கு. தோபாச் சாம்பல் தான் எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சவை? சாம்பல் எண்டது நுணுக்கமான கண்ணாடிச் சில்லு. சில்லு சில்லா எலக்ட்ரோன் கதிரைப் பாய்ச்சி சிலிக்கா 77 வீதம் மட்டில, பொட்டாசியம் இவ்வளவு எண்டு அளந்து சுமத்திராக் கல்லோட ஒப்பிட்டவை. அதிலயும் ஒரு கரைச்சல், கதிர் குவிஞ்சு விழுந்தா கண்ணாடியில இருக்கிற சோடியம் நகர்ந்து ஓடிடும், அளவு குறைச்சுக் காட்டும், அதால கதிரைக் கொஞ்சம் அகட்டி வைக்க வேணும். இன்னொண்டு, தோபா ஒருதரம் வெடிச்சதில்லை, முந்தியும் வெடிச்சது, கண்ணாடி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. எந்த வெடிப்பு எண்டு பிரிச்சுக் காட்ட உதவினது கூடக் கிடந்த பயோடைட் எண்ட கறுப்பு மைக்கா, அதில இரும்பும் மக்னீசியமும் இருக்கிற விகிதம். ஆக எங்கட பக்கம் வந்த எரிமலை கன்னியாவுக்குக் கீழ இல்லை, கடலுக்கு அந்தப் பக்கம்.

கடைசியா, நிலாவெளிக் கரையில மிதக்கிற கல் எடுத்தனாங்கள் எண்டு ரெண்டு மூண்டு பேர் பையில கொண்டு வந்திருக்கினம். 1883இல இந்தோனேசியாவில கிரக்கட்டோவா எரிமலை வெடிச்சு அதின்ர நுரைக்கல் இந்து சமுத்திரம் தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் மிதந்து போனது, அதால இங்க நுரைக்கல் ஒதுங்கிறது நடக்கக் கூடிய விசயம். ஆனா காய்ஞ்ச முருகைக்கல்லும் சிலவேளை மிதக்கும். மேசையில தேசிக்காய் வெட்டி வைச்சிருக்கு, புளியை ஒரு சொட்டு விடுங்கோ, நுரைச்சா முருகை, சும்மா நனைஞ்சு கிடந்தா கொண்டு வந்து என்னட்டத் தாங்கோ, லென்சால பாப்பம். சின்னப் பிள்ளையள் முதல்ல வாங்கோ.