தயிர்சாதத்தோடு பார்க்கக் கூடாத படம்

வணக்கம் மக்களே. வெளிச்சம் கொஞ்சம் கம்மிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். மணி பதினொன்றரை. படம் முடிந்த சூட்டோடு பேசிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறீர்கள் என்றால் தட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். நான் தயிர்சாதத்தோடு உட்கார்ந்தேன். பாதிக் கிண்ணம் அப்படியே இருக்கிறது, இதோ.

படம் 'பிரெய்ன்டெட்'. செத்தவர்கள் ஜாம்பிகளாக எழுந்து நடமாடும் ஒரு திகில் காமெடி. 1992, நியூசிலாந்து. அமெரிக்காவில் 'டெட் அலைவ்' என்ற பெயரில் வந்தது, தேடும்போது குழம்ப வேண்டாம். இயக்குநர் பீட்டர் ஜாக்சன். ஆமாம், 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எடுத்த அதே மனுஷன்தான். ஒரே படத்துக்கு 11 ஆஸ்கர் வாங்குவதற்கு முன்னால் அவர் செய்துகொண்டிருந்த வேலை இது.

கதை 1957இல், வெலிங்டனில் நடக்கிறது. லயனல் என்று ஒரு பையன். பையன் என்ன, வளர்ந்த ஆள். ஆனால் அம்மா வேராவைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டான். கடைக்காரப் பெண் பக்கீட்டாவோடு மிருகக்காட்சிசாலைக்குப் போகிறான். அம்மா ஒளிந்து ஒளிந்து பின்னாலேயே வந்து, சுமத்ரா எலிக்குரங்கு ஒன்றிடம் கடி வாங்குகிறாள். அந்தக் குரங்கைக் காலால் மிதித்தே நசுக்கிவிடுகிறாள், அது வேறு விஷயம். அப்புறம் அம்மா அழுக ஆரம்பிக்கிறாள். கண்ணீர் விட்டு இல்லை. நிஜமாகவே அழுகிப்போகிறாள்.

இங்கேதான் அந்தச் சாப்பாட்டுக் காட்சி. ஊர் மாதர் சங்கத் தலைவி கணவரோடு மதிய விருந்துக்கு வருகிறார். வேராவின் கன்னத்தில் தோல் உரிந்து தொங்க, லயனல் பசை தடவி ஒட்டி மேசைக்கு அழைத்து வருகிறான். கடைசியில் கஸ்டர்ட் வருகிறது. கையில் இருக்கும் கடிகாயம் 'புளிச்' என்று பீய்ச்சி, அந்தக் கணவரின் கிண்ணத்தில் விழுகிறது. அவர் கவனிக்கவே இல்லை. ஒரு கரண்டி எடுக்கிறார், கண் மலர்கிறது, இன்னொரு கரண்டி. அப்புறம் வேராவின் காதே கழன்று அவள் கிண்ணத்தில் விழுகிறது. அதையும் அவள் மென்று தின்கிறாள். நான் கரண்டியைக் கீழே வைத்தது அந்த நொடியில்தான். ஆனால் சத்தமாகச் சிரித்துக்கொண்டேதான் வைத்தேன்.

ஏன் சிரிப்பு வந்தது என்று யோசித்தேன். ரத்தம் சீழ் எல்லாம் எந்தப் படத்திலும் உண்டு. இங்கே சிரிப்பு வருவது லயனலின் முகத்தைப் பார்த்து. அம்மா கண் முன்னாலேயே உதிர்ந்துகொண்டிருக்கிறாள், இவனுக்கு ஒரே கவலை, வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்! நாலு பேருக்குத் தெரியக் கூடாது. செத்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்திருக்கும்போதும் அதே கவலைதான். ஊசி போட்டு மயக்கி, வீட்டின் அடித்தளத்தில் பூட்டி வைக்கிறான். மேசையில் உட்கார வைத்துச் சோறுகூட ஊட்டுகிறான். குடும்ப மானத்தைக் காப்பாற்றுவதற்கு இவ்வளவு பாடுபட்ட ஒருத்தனை நான் பார்த்ததில்லை.

சரி, எல்லாமே பிடித்ததா என்றால் இல்லை. தீவுவாசிகளைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டும் தொடக்கக் காட்சி இன்று பார்க்க எரிச்சலாக இருக்கிறது. லயனலின் அங்கிள் லெஸ் வந்தாலே எனக்குப் பொறுமை போய்விடுகிறது. ஆனால் ஜாம்பிக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு லயனல் பூங்காவுக்குப் போகும் காட்சி இருக்கிறதே! படப்பிடிப்பு முடிந்த பிறகு மிச்சமிருந்த பணத்தில் எடுத்த காட்சியாம் அது. குழந்தையை அவன் அடிக்கிறான், உதைக்கிறான், சுற்றிலும் தாய்மார்கள் உறைந்துபோய்ப் பார்க்கிறார்கள். சிரித்துவிட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கிளைமாக்ஸில் லயனல் புல்வெட்டும் இயந்திரத்தை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜாம்பிக் கூட்டத்துக்குள் இறங்குகிறான். இந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டும் 300 லிட்டர் போலி ரத்தம் என்பார்கள். அவன் நடக்கக்கூட முடியவில்லை, தரை முழுக்க வழுக்குகிறது. அப்புறம் அம்மா மறுபடி வருகிறாள், ராட்சத உருவத்தில். மகனைத் தன் வயிற்றுக்குள்ளேயே திரும்ப இழுத்துக்கொள்கிறாள்! அம்மா சென்டிமென்ட் படங்களில் ஊறி வளர்ந்த நமக்கு இது நேராக மண்டையில் அடிக்கும். அவன் எப்படி வெளியே வருகிறான் என்பதைச் சொல்ல மாட்டேன்.

ஒன்றே ஒன்று. பார்ப்பதென்றால் 104 நிமிடப் பதிப்பைத் தேடிப் பாருங்கள். அமெரிக்காவில் 85 நிமிடமாக வெட்டிய ஒரு பதிப்பும் உண்டு. வெட்டு விழுந்தது ரத்தத்தில்தான், ஆனால் இந்தப் படத்தில் ஜோக்கெல்லாம் ரத்தத்தில்தானே இருக்கிறது.

இருங்கள், உள்ளே அம்மா எழுந்துவிட்டார் போல. "யாரோடுடா பேசுகிறாய் இந்த நேரத்தில்? சோற்றை ஏன் மிச்சம் வைத்தாய்?"

இதோ சாப்பிடுகிறேன்மா.